நான்காவது இழைப்புளி

"இதுக்கு மேல எந்த இழைப்புளி வாங்கணும், தங்கச்சி?"

கேட்டவர் கோமதிநாயகம். நாற்பத்தாறு வயது, தையற்கடை வைத்திருக்கிறார்.

கேட்கப்பட்டவள் முப்புடாதி. வயது இருபத்தேழு. செங்கோட்டையில் ஒரு மரவாடிக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மேஜை, நாற்காலி செய்கிறாள். தச்சு வேலை பழக நினைப்பவர்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். என்ன செய்ய, குரு அவள்தான்.

கோமதிநாயகம் சாக்கைக் கவிழ்த்தார். பலகையை வழவழப்பாக்கும் இழைப்புளி மூன்று விழுந்தன. மரத்தில் ஒன்று, இரும்பில் ஒன்று, கரண்டில் ஓடும் மெஷின் ஒன்று.

முதலில் வாங்கியது பலகையைப் பிய்த்ததாம். கடைக்காரர் இரும்பில் வாங்கச் சொன்னார். அதுவும் பிய்த்தது. எதிர்வீட்டுக்காரர் மெஷின் வாங்கச் சொன்னார். அது வேகமாகப் பிய்த்தது.

மூன்று மாதமாக இதே கதை.

என்ன சாமான் செய்கிறீர்கள் என்று முப்புடாதி கேட்டாள்.

மகளுக்கு நாற்காலி. பகவதிக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. போன வருஷம் வகுப்பு பெஞ்சில் இருந்த சிராய் ஒன்று தொடையில் ஏறிவிட்டது. ஏறியது அவளுக்கே தெரியவில்லை. சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். நாற்பது நாள் ஆஸ்பத்திரி.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கிறது.

மெத்தை போட்டால் வியர்த்துப் புண்ணாகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், ரெண்டே நாளில் சிராய் எழும்பி நிற்கும். ஆசாரியிடம் கொடுக்கலாம்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இன்னொருத்தர் கையை நம்ப அவருக்கு மனசு வரவில்லை. காலும் சாய்மானமும் தயார். உட்காரும் பலகை மட்டும்தான் பாக்கி.

"பலகை எங்க அண்ணாச்சி?"

"வீட்டில."

முப்புடாதி தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

கோமதிநாயகத்துக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம், மருந்துச் சீட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு டாக்டர் முன்னால் நிற்பது போலத் தோன்றியது. மொபெட்டைக் கிளப்பினார்.

திரும்பி வந்தபோது பலகையும் இருந்தது, பகவதியும் இருந்தாள். அதற்குள் அவள் அம்மா வேலைக்குப் போய்விட்டதால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை.

மரச்சுருள் நிரப்பிய சாக்கின் மேல் அவளை மெத்தென்று உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"அக்கா, இது பலா மரம்னு அப்பா சொல்றாரு. எனக்கென்னமோ பழத்துத் தோல்லேருந்து அறுத்த மாதிரி இருக்கு."

கோமதிநாயகத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று.

முப்புடாதி முதலில் வாங்கிய மர இழைப்புளியை எடுத்தாள். அதில் செருகிய உளியின் கூர்முனையை நகத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தீட்டியிருக்கு."

அப்படியானால் மிச்சமிருப்பது ஒன்றுதான். மூன்று மாதமாக அதைத்தான் கேட்கப் பயந்துகொண்டிருந்தார்.

"அப்போ, என் கை சரியில்லையா?"

இழைத்துக் காட்டச் சொன்னாள். தள்ளினார். பர்ரென்று பிய்ந்தது.

"கையும் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன?"

அவள் பலகையைத் தூக்கினாள். இந்தத் தலை அந்தப் பக்கம் போகும்படி திருப்பி வைத்தாள். அவ்வளவுதான். டீ ஊற்றப் போய்விட்டாள்.

பலகையின் ஒரு ஓரத்தில் சாக்பீஸ் குறி இருந்தது, உட்காருகிறவளின் முன்பக்கம் எது என்பதற்கு. துணியில் குறி போட்டால் அது தன்னைப் பார்க்க வைத்துத்தான் எந்தத் தையற்காரரும் வேலை செய்வார். கோமதிநாயகமும் மூன்று மாதமாகப் பலகையை அப்படித்தான் வைத்திருந்தார்.

"தங்கச்சி, குறி அந்தப் பக்கம் போயிட்டே."

டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

மனசில்லாமல்தான் தள்ளினார்.

சத்தமே மாறிவிட்டது. இழைப்புளியின் வாயிலிருந்து ஒரு சுருள், ரிப்பன் மாதிரி நீளமாக, அறுபடாமல் வந்து தரையில் விழுந்தது. பகவதி அதைக் கேட்டு வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

கோமதிநாயகம் பலகையின் மேல் உள்ளங்கையை வைத்தார். முன்னால் தடவினார். பின்னால் தடவினார். முப்பது வருஷம் துணி தடவிய கை.

"வெல்வெட்" என்றார் மெதுவாக. அதிலும் இழை சாயும் பக்கம் தடவினால்தான் வழுக்கும்.

"என்னது அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல."

அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை. சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. முக்கால் பலகை முடிந்தபோது ஒரு கணு வந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி பர்ரென்றது. நாலு விரல் அகலத்துக்குப் பிய்ந்து நின்றது.

இழைப்புளியைக் கீழே வைத்தார்.

இரும்பு இழைப்புளியைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். முப்புடாதியைப் பார்த்தார். அவள் பகவதியிடம், உங்க கணக்கு டீச்சர் அடிப்பாங்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அடிக்க மாட்டாங்க, அதுக்குப் பதிலா அறிவுரை சொல்லியே கொல்லுவாங்க என்று பகவதி சொன்னாள்.

அவர் குனிந்து பலகையின் பக்கவாட்டைப் பார்த்தார். மூன்று மாதத்தில் பார்த்ததே இல்லை. மரத்தின் கோடுகள் எல்லாம் ஒரே பக்கமாக ஏறிப் போயின. கணுவைத் தாண்டிய இடத்தில் மட்டும் கொஞ்ச தூரம் இறங்கின.

யாரையும் கேட்கவில்லை. பலகையைத் தூக்கித் திருப்பி வைத்தார். அந்த நாலு விரல் இடத்தை மட்டும் சின்னச் சின்னதாகத் தள்ளினார்.

முடிந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பார்த்துச் சொல்லு தங்கச்சி என்று பலகையை முப்புடாதியிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை.

"நானா உக்காரப் போறேன்?"

பலகையை மகள் மடியில் வைத்தார்.

பகவதிக்கு மடியில் ஒன்றும் தெரியாது. அதனால் அவளாகவே குனிந்தாள். கன்னத்தைப் பலகையில் வைத்து மெள்ள நகர்த்தினாள். கணு வந்தது. அங்கே நின்றாள்.

கோமதிநாயகம் அவள் பக்கத்தில் குந்தினார்.

கன்னம் கணுவைக் கடந்து அந்த ஓரம் வரை போனது. பிறகு அதே வழியில் திரும்பி வந்தது. பகவதி தலையைத் தூக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாற்காலியில நாளைக்குப் பூட்டிக்கலாம்ப்பா" என்றாள். "இன்னிக்கு இது தலகாணியா இருக்கட்டும்."