கையெழுத்து விழாத விமானம்

தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் பல்லெல்லாம் நாளைக்கே கொட்டட்டும். மிச்சம் இருப்பது மூன்றுதான். ஆனாலும் சத்தியம் சத்தியம்தானே!

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருந்த கடைசிக் குளிர்காலம். குண்டுக்குப் பயந்து, விமானம் வரையும் அலுவலகம் ஒன்றை அப்படியே உப்புச் சுரங்கத்துக்குள் இறக்கியிருந்தார்கள். அங்கே தலைமை வடிவமைப்பாளர் வெண்டலின். அவரிடம் தொழில் கற்றவன் எவால்ட். நாற்பது வயதுக்காரன்.

எவால்ட் வாலே இல்லாத ஜெட் போர்விமானம் ஒன்றை வரைந்து வைத்திருந்தான். வெண்டலின் கையெழுத்துப் போட்டால் மறுநாளே தச்சர்கள் பலகை அறுப்பார்கள்; உலோகத்துக்குப் பஞ்சம், மரத்தில்தான் கட்டணும். அவரோ ஒவ்வொரு தடவையும் ஒரு திருத்தம் சொல்லித் திருப்பிவிடுவார். திருத்தத்துக்கு ஓர் எழுத்தென்று ஏ முதல் இசட் வரை தீர்ந்து, கிரேக்க எழுத்துக்கு வந்தாயிற்று.

எவால்டுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, போர் முடிந்தால் என் விமானம் காகிதத்திலேயே செத்துப்போகும். இன்றைக்கு வரைபடம் வாங்கிப்போக ராணுவத்திலிருந்து மேஜர் வருகிறார். இன்னும் என்னதான் குறை?"

"ஆளில்லை."

"எங்கே?"

"இருக்கையில். ஓட்டுபவனை வரை, கையெழுத்துப் போடுகிறேன்."

"இவ்வளவுதானா!" ஐந்தே கோட்டில் ஒருவனை உட்காரவைத்தான்.

"இது கொசு. ஓட்டப்போவது யார்?"

"தேறின விமானிகள் எங்கே மிச்சம், ஐயா? பதினேழு வயதுப் பையன்கள்தானாம்."

"அப்படியானால் பதினேழு வயது முகத்தை வை."

எவால்டுக்கு மனப்பாடமான பதினேழு வயது முகம் ஒன்றுதான்: எஞ்சினில்லாத கிளைடரில் பறக்கப் பழகும் பள்ளியில் இருந்த அவன் மகன் டீட்மார். காது வந்தது. மூக்கு வந்தது. மூக்கின்மேல் பரு வந்தது. பென்சில் நின்றுவிட்டது.

வெண்டலின் பேனாவைத் திறந்தார். "நகரப்பா, கையெழுத்துப் போடணும்."

எவால்ட் காகிதத்தைக் கையால் மூடிக்கொண்டான். "இருங்க ஐயா. இறங்கும்போது வேகம் கொஞ்சம் அதிகமோ?"

"அப்படியா! எனக்குப் படவில்லையே."

"பலகை ஒட்டுகிற பசையும் சந்தேகம்தான்."

"அடடா."

பூட்ஸ் தடதடக்க மேஜர் வந்து நின்றார். "முடிந்ததா?"

எவால்டே முந்திக்கொண்டான். "இறக்கையை முதலிலிருந்து வரையணும், மேஜர். இப்படியே கட்டினால் மானம் போய்விடும்."

"எத்தனை நாள்?"

"பனி உருகட்டும்."

மேஜர் பத்து நிமிடம் திட்டிவிட்டுப் போனார்.

எவால்ட் மெல்லக் கேட்டான். "ஐயா, இதுவரை எத்தனை விமானத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?"

"ஒன்றுக்கு. அதை ஓட்டிப் போனவன் முகத்தை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். சரி, புதுத் தாள் எடு. இறக்கையை நிதானமாக வரை."

இதை ஊரெல்லாம் சொல்லுங்கள், தடையில்லை. சொன்னது யார் என்று கேட்டால் மட்டும் இருமிக்கொண்டே எழுந்து போய்விடுங்கள்.