செவல்குடி வலைப்பூவின் ஒரே வாசகர்

செவல்குடியில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வலைப்பூ இருந்தது. அந்த வலைப்பூவுக்கு ஒரு வாசகர் இருந்தார். மூளை எத்தனை இருந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், கதை அங்கேயே நின்றுபோகும்.

மூவரில் மூத்தவர் ஆவுடையப்பன். பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். குடம் வாங்க வருகிறவர்களை நிற்க வைத்து, நேற்று எழுதிய பதிவை ஒப்பித்துவிட்டுத்தான் குடத்தைக் கீழே இறக்குவார். அதற்குள் அவர்கள் எதிர்க்கடையில் குடம் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். இரண்டாமவர் மாசாணம். கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. எந்தப் பொத்தானை அமுக்கினால் அது விழித்துக்கொள்ளும் என்பது அந்த மூவரில் அவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். மூன்றாமவர் திரவியம். அவர் எதற்கு இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் யார் எதைச் சொன்னாலும் அழகாகத் தலையாட்டுவார்.

வலைப்பூவின் பெயர் 'செவல்குடிச் செந்தேன்'. அதில் என்ன எழுதினாலும் மறுநாள் காலையில் கீழே ஒரு பின்னூட்டம் வந்து விழும். "அருமை. தொடருங்கள். வெயிலுகந்தநாதன், கோவில்பட்டி." மூலநோய்க்கு மருந்து எழுதினாலும் அருமை, தொடருங்கள். ஆவுடையப்பனின் சித்தப்பா செத்துப்போன செய்தியைக் கண்ணீரோடு எழுதினார்கள். அதற்கும் அருமை, தொடருங்கள். "மனுசன் எப்படி உள்வாங்கிப் படிக்காரு பார்த்தியா" என்று ஆவுடையப்பன் நெகிழ்ந்துபோனார்.

அந்த ஒரு வாசகரை நம்பித்தான் ஆவுடையப்பனின் எழுத்து வாழ்க்கையே நின்றுகொண்டிருந்தது. ஏனென்றால் வீட்டில் மனைவி செண்பகம் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"மாடி ரூமை டியூசன் நடத்தக் கேக்காவ. ஒரு ஆளாச்சும் படிக்காருன்னு சொல்லுதிய, சரி, இருந்துட்டுப் போகட்டும். அந்த ஆளும் இல்லைன்னு ஆயிட்டா, மறுநாளே உங்க கம்ப்யூட்டர் எடைக்குப் போயிரும், ஆமா."

இப்படி இருக்கையில்தான் மதுரையில் பதிவர் மாநாடு என்று அழைப்பு வந்தது. மூவரும் வேட்டி சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

ஒரு கல்யாண மண்டபம். முந்நூறு பேர். முந்நூறு பேரும் எழுதுகிறவர்கள். படிக்கிறவன் என்று ஒருத்தன் அந்த மண்டபத்தில் இருந்தால் அது சமையல்காரராகத்தான் இருக்க வேண்டும், அவரும் சாமான் சீட்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். ஒருவர் கையில் ஒருவர் தன் வலைப்பூ முகவரி அச்சடித்த சீட்டைத் திணித்தார்கள். வாங்கியவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் அதை வைத்துக் கை துடைத்தார்கள். நடுவில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள். எதற்கு என்று போர்த்தியவருக்கும் தெரியவில்லை, போர்த்திக்கொண்டவரும் கேட்கவில்லை.

சிறப்புப் பேச்சாளர் 'பதிவுலகப் பீரங்கி' பரஞ்சோதி. எப்படி எழுத வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசப் போய்விட்டதால் நாலு வருஷமாக ஒரு வரி எழுத நேரமில்லாதவர். அவர் மைக்கைப் பிடித்ததும், "நான் சொல்றதுல ஒரு வார்த்தையைக்கூட விடாம குறிச்சுக்கோங்க" என்றார்.

மூவரும் விடவில்லை. ஆவுடையப்பனின் நோட்டில் முதல் பாடம் இப்படி இருந்தது: "ஹலோ, ஹலோ, கேக்குதா, பின்னாடி கேக்குதா." இரண்டாம் பாடம்: "இருமல் இரண்டு தடவை." மூன்றாவதிலிருந்துதான் பீரங்கி வெடித்தது. ஒரே ஒரு வாசகர் எதிரில் உட்கார்ந்திருப்பது போல எழுத வேண்டும். கடைசி வரி வரைக்கும் அவர் எழுந்து போக விடக் கூடாது. நடுவில் கண்ணுக்கு இதமாக ஒரு படம் போட வேண்டும். எழுதி முடித்ததும் இரக்கமே இல்லாமல் பாதியை வெட்டி எறிந்துவிட வேண்டும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மூவரும் பேசவே இல்லை. அவ்வளவு அறிவு ஒரே நாளில் உள்ளே போனதில் மூவருக்கும் லேசாக வயிறு உப்பியிருந்தது.

மறுநாள் மாடி அறையில் ஆலோசனை கூடியது.

"ஒரு வாசகர் எதிர்ல உட்கார்ந்திருக்கணும்னு சொல்லிட்டாரு" என்றார் ஆவுடையப்பன். "உட்கார்ந்திருக்க மாதிரி நினைச்சுக்கிட்டா போதும்ங்காரு."

"மூஞ்சி தெரியாம எப்படி அண்ணாச்சி நினைக்க?" என்றார் மாசாணம். "நான் பாட்டுக்கு மீசையோட நினைச்சுத் தொலைப்பேன், அவரு மழுமழுன்னு இருப்பாரு. பதிவு வேற ஆளுக்குல்லா போய்ச் சேரும்?"

திரவியம் தலையாட்டினார்.

"அப்ப நினைக்கது வம்பு. ஆளையே கூட்டிட்டு வந்துருவோம்" என்று ஆவுடையப்பன் முடிவு சொன்னார். நமக்கு இருப்பதே ஒரே வாசகர், பீரங்கி கேட்டதும் ஒரே வாசகர், கணக்கு எப்படிப் பொருந்துகிறது என்று அவருக்கு மேனி சிலிர்த்தது.

வெயிலுகந்தநாதன் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வெளியூர், தனியாள். மூன்று பேர் கோவில்பட்டி முழுக்க விசாரித்துக்கொண்டு வாசலில் வந்து நின்று, "அண்ணாச்சி, எங்களுக்கு நீங்கதான் எல்லாம், ஒரு தடவை வந்து எங்க முன்னால உட்காரணும்" என்றதும், ஏதோ பாராட்டு விழா, பொன்னாடை நிச்சயம் என்று நினைத்துவிட்டார். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆசை யாரை விட்டது.

மாடி அறையில் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். எதிரே ஆவுடையப்பன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். மாசாணம் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டு, திரவியத்தை அதன்மேல் சாய்ந்து உட்காரச் சொன்னார்.

"எதுக்குத் தாழ்ப்பாள்?" என்று கேட்டார் வெயிலுகந்தநாதன்.

"கடைசி வரி வரைக்கும் நீங்க எழுந்து போயிரக் கூடாதுல்லா" என்றார் மாசாணம், மரியாதையாக.

ஆவுடையப்பன் எழுத ஆரம்பித்தார். "ஹலோ, ஹலோ, கேக்குதா, பின்னாடி கேக்குதா" என்று முதல் வரி எழுதினார். இரண்டு தடவை இருமினார். பிறகு வாசகரின் முகத்தையே மதியம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஆளை வைத்துக்கொண்டு எழுதிப் பழக்கமில்லாததால் ஒன்றும் வரவில்லை. மனிதருக்கு வெட்கமாகவும் இருந்தது.

நடுவில் கண்ணுக்கு இதமாகப் படம் காட்ட வேண்டும் என்பதால், கால்மணிக்கு ஒருதரம் திரவியம் கதவடியிலிருந்தே ஆவுடையப்பனின் கல்யாணப் போட்டோவை உயர்த்திக் காட்டினார். செண்பகம் சாப்பாட்டைக் கொண்டுவந்து கதவைத் தட்டும்போது மட்டும் தாழ்ப்பாள் ஒரு சாண் திறந்தது. சாப்பாட்டில் குறையே வைக்கவில்லை. முதல் நாள் கூட்டாஞ்சோறு, அப்பளம். வெயிலுகந்தநாதன் பொன்னாடை சாயங்காலம் வரும்போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டு பாயில் படுத்தார்.

இரண்டாம் நாள், "நான் கிளம்புதேன்" என்றார்.

"கடைசி வரி இன்னும் வரலையே அண்ணாச்சி" என்று ஆவுடையப்பன் கலங்கினார்.

"அப்ப அதை முதல்ல எழுதித் தொலைங்களேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முதல்ல எழுதினா அது முதல் வரியால்லா போயிரும்?" என்றார் மாசாணம். "பாவம், தினம் நாலு எழுத்துப் படிச்ச மனுசன், பசியில பேசுதாரு. இன்னொரு அப்பளம் வையுங்க."

மூன்றாம் நாள் விடிந்ததும் எப்படியோ பதிவு முடிந்தது. இனி பாதியை வெட்ட வேண்டும். ஆவுடையப்பன் கடையிலிருந்து பெரிய கத்தரிக்கோலாக எடுத்து வந்தார். நெடுக்காக வெட்டுவதா, குறுக்காக வெட்டுவதா என்று அரைமணி நேரம் தர்க்கம் நடந்தது. குறுக்கே வெட்டினால் கடைசி வரி போய்விடும், போனால் வாசகர் ஆயுசுக்கும் எழுந்திருக்க முடியாது என்பதால் நெடுக்காக வெட்டினார்கள். தமிழ் இடப்பக்கமிருந்து தொடங்குவதால் வலது பாதி குப்பைக்குப் போனது. மிச்சமிருந்த இடது பாதியை ஆவுடையப்பன் உரக்க வாசித்தார். ஒவ்வொரு வரியும் பாதியில் நின்றது. ஒரு வரி "எங்கள் ஊரில் பருத்தி விளை" என்று நின்றது. அடுத்தது "என் மாமியாரின் இடது" என்று நின்றது.

வெயிலுகந்தநாதன் காதைப் பொத்திக்கொண்டு அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குள் ஓடி, செல்போனில் போலீஸைக் கூப்பிட்டார்.

அவர் உள்ளே இருந்த நேரத்தில்தான் மாசாணம் கம்ப்யூட்டரில் வருகைக் கணக்கைத் திறந்தார். பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது. முந்தாநாள் பூஜ்யம். நேற்று பூஜ்யம். இன்றைக்கும் பூஜ்யம்.

"அண்ணாச்சி, வாசகரைக் காணோம்."

ஆவுடையப்பன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே செண்பகம் டியூசன் வாத்தியாரிடம் போனில் பேசுவது கேட்டது. மூன்று நாளாக ராத்திரி பகல் பாராமல் ஒரு மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதியதற்கு இதுதானா பலன் என்று வாய்விட்டே கேட்டார்.

"எப்பயிலேருந்து காணோம்?"

"இந்த ஆள் வந்த அன்னையிலேருந்து" என்று மாசாணம் குளியலறைக் கதவைக் காட்டினார்.

மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. இந்த மாதிரி விஷயங்கள் அவர்களுக்கு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில்தான் விளங்கும். போலீஸ் ஜீப் வாசலில் வந்து நின்றபோது அவர்களே முந்திக்கொண்டு இறங்கிப்போய், "நல்ல நேரத்துல வந்திய, ஒரு ஆளைக் காணோம்" என்று ஏறிக்கொண்டார்கள். வெயிலுகந்தநாதனும் பின்னால் ஏறினார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. பொன்ராணி முதலில் காணாமல் போனவர் புகாரை எடுத்தார்.

"பேரு?"

"வெயிலுகந்தநாதன்" என்றார் ஆவுடையப்பன்.

"ஊரு?"

"கோவில்பட்டி."

எஸ்.ஐ. திரும்பி, பெஞ்சில் இருந்தவரிடம், "உங்க பேர் என்ன சொன்னீங்க?" என்றார்.

"வெயிலுகந்தநாதன், கோவில்பட்டி. இவனுக என்னை மூணு நாளா அடைச்சு வச்சிருக்கானுக மேடம்."

எஸ்.ஐ. பேனாவை மேஜையில் வைத்தார். "இவர்தானே அந்த ஆளு?"

"பேரு அதேதான். ஊரும் அதேதான். ஆனா ஆள் இவரில்லை மேடம்" என்றார் ஆவுடையப்பன். "எங்க வாசகர் தினம் தவறாமப் படிப்பாரு. இவரு மூணு நாளா எங்க சோத்தைத் தின்னுட்டு ஒரு வரி படிக்கலை. நாங்க படிச்சுக் காட்டுனதுக்கே காதைப் பொத்திக்கிட்டாரு."

வெயிலுகந்தநாதனுக்கு ரத்தம் கொதித்தது. "யோவ், நான் என்னைக்கு உங்க எழவைப் படிச்சேன்? எனக்கும் ஒரு வலைப்பூ இருக்கு. நான் ஊரெல்லாம் போய் 'அருமை'ன்னு போடுதது, பதிலுக்கு நாலு பேர் வந்து எனக்குப் போடுவாங்கன்னுதான். தினமும் திறப்பேன், போடுவேன், மூடிருவேன். ஒரு வரி படிச்சதில்லை, சத்தியமா."

"கேட்டுக்கிட்டியளா மேடம்" என்றார் மாசாணம், எஸ்.ஐ.யிடம் தணிவாக. "அவரே ஒத்துக்கிட்டாரு."

எஸ்.ஐ. வெயிலுகந்தநாதனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, உங்களுக்கு வீடு போய்ச் சேரணுமா வேண்டாமா? போனை மேஜைக்கு அடியில வச்சு அந்தக் கண்றாவியை ஒரு தடவை திறங்க. இவங்க கணக்குல ஒண்ணு ஏறட்டும், அதோட போயிருவாங்க" என்று காதில் சொன்னார். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தார்.

வலைப்பூவின் வருகைக் கணக்கு ஏறினால் அடிக்கும் மணி மாசாணத்தின் செல்போனில் அடித்தது. பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, வந்துட்டாரு. இப்ப ஒருத்தர் படிச்சுக்கிட்டு இருக்காரு."

ஆவுடையப்பன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது. "எந்த ஊர்னு பாரு."

"செவல்குடி."

"நம்ம ஊரா? கோவில்பட்டியிலேருந்து இம்புட்டு தூரம் வந்தவரு, நம்ம வீட்டுக்கு ஏன் வரலை?"

மாசாணம் யோசித்தார். திரவியம்கூட யோசித்தார். கடைசியில் மாசாணத்தின் பார்வை மெதுவாக ஸ்டேஷனின் மூலைக்குப் போனது. அங்கே லாக்கப் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"வர மனசில்லாம இல்லை அண்ணாச்சி" என்றார் மாசாணம். "வர முடியலை. உள்ள இருந்துக்கிட்டும் நம்மளைப் படிக்காரு பாருங்க."

ஆவுடையப்பனின் கண்ணில் பொலபொலவென்று நீர் வழிந்தது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எஸ்.ஐ. முன்னால் போய் நின்றார். "மேடம், அவரு என்ன தப்பு பண்ணுனாருன்னு நாங்க கேக்கலை. ஜாமீன்ல விட்டுருங்க. நல்லா வாசிக்க மனுசன்."

எஸ்.ஐ. பெஞ்சில் இருந்தவரைக் கையால் காட்டினார். ஜாமீனுக்கு ஆள் கேட்கிறார் என்று ஆவுடையப்பன் எடுத்துக்கொண்டார். பெஞ்சுக்குத் திரும்பி, வெயிலுகந்தநாதனின் கையைப் பிடித்து, அதில் தன் பேனாவை வைத்தார்.

"அண்ணாச்சி, நடந்ததை மனசுல வச்சுக்காதிய. அவரு உங்க ஊர்க்காரரு, உங்க பேருக்காரரு வேற. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு அவரை எங்களுக்கு வெளியே எடுத்துக் குடுத்துட்டு, தாராளமா வீட்டுக்குப் போங்க."