கடைசித் தட்டின் குளிர்

ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. அவரிடம் மாணவராகச் சேர்ந்த குலசேகரனுக்கு ஐம்பது நெருங்குகிறது. மாணவர் மேடம் என்பார், ஆசிரியை சார் என்பார். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் யார் குரு, யார் சீடர் என்று கொஞ்ச நேரம் விழிப்பார்கள்.

குலசேகரன் கைபேசிகளுக்கு சிப் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். நல்ல வேலை. அதை விட்டுவிட்டு வந்ததற்குக் காரணம், இங்கே கூரையிலிருந்து தொங்கும் வெள்ளைப் பீப்பாய். அதற்குள் பொன்முலாம் பூசிய தட்டுகள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. கீழே போகப் போகக் குளிர். கடைசித் தட்டில் குவாண்டம் கணினியின் கியூபிட்டுகள், அதாவது தகவலை வைத்துக் கணக்குப் போடும் நுண்ணிய அலகுகள், இருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளிகூட அந்தத் தட்டுக்கு முன்னால் வெதுவெதுப்புதான். முதல் நாள் இதைக் கேட்டபோது அவருக்குப் புல்லரித்தது. இன்னும் அடங்கவில்லை.

ஒவ்வொரு கியூபிட்டுக்கும் கட்டளை சொல்ல வெளியிலிருந்து ஒயர் போகிறது. நூறு என்றால் சமாளிக்கலாம். லட்சம் என்றால் அத்தனை ஒயர் வழியாகவும் வெளிச்சூடு உள்ளே இறங்கிவிடும். அதனால் கட்டளை சொல்லும் சிப்பையே குளிருக்குள் குடிவைக்கப் பார்க்கிறார்கள். ஆனால் வேலை செய்கிற சிப் சூடாகும். பக்கத்தில் சூடு வந்தால் கியூபிட் தனக்குச் சொன்னதை மறந்துவிடும். சூடு காட்டாமல் வேலை செய்யும் சிப் ஒன்றைக் குலசேகரன் செய்து உள்ளே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை பீப்பாய் வேறொரு குழுவுக்குப் போகிறது. அதற்குள் நிரூபிக்காவிட்டால் சிப்பைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். அவர் வேலையை விட்டதற்கும் அத்தோடு அர்த்தமில்லாமல் போய்விடும்.

சனிக்கிழமை காலை ஜெசிந்தா வந்தபோது அவர் திரை முன்னால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“தோத்துட்டேன் மேடம். கியூபிட் பக்கத்துல சூடு. சிப்ல பாதியை அணைச்சுப் பார்த்தேன். குறையறதுக்குப் பதிலா ஏறுது.”

“அணைச்சா ஏறுதா?”

“ஆமா. என்ன தப்பு பண்ணினேன்னே புரியல.”

“ஏறுதுன்னு எப்படித் தெரியும்?”

“தெர்மாமீட்டர் சொல்லுதே. கியூபிட்டை ஒட்டியே வெச்சிருக்கேன்.”

“எப்பல்லாம் பார்க்கிறீங்க?”

“கண்ணையே எடுக்கல. நேத்து எண் ஆடிக்கிட்டே இருந்துச்சு. தெர்மாமீட்டருக்குப் போற கரண்ட்டைக் கூட்டினேன். இப்ப பாருங்க, அசையாம நிக்குது.”

ஜெசிந்தா பார்த்தார். எண் நன்றாகத்தான் நின்றது. போய்த் தெர்மாமீட்டரின் ஒயரைப் பிடுங்கினார். எண் இருந்த இடம் காலியானது.

“மேடம்! உள்ள என்ன நடக்குதுன்னே இனி தெரியாதே!”

“தெரியாதுதான். உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒயர் பக்கம் அவர் கை போகும்போதெல்லாம் ஜெசிந்தா திரும்பிப் பார்ப்பார், கை திரும்பி வந்துவிடும். மதியம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெசிந்தா போய் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

“சிப்பை முழுசா ஓட விடுங்க சார்.”

“முழுசாவா?”

“முழுசா. கியூபிட்கிட்ட ஒரு சொல்லைக் குடுங்க. எவ்வளவு நேரம் மறக்காம வெச்சிருக்குன்னு பார்ப்போம்.”

குலசேகரன் விசைப்பலகையில் தட்டினார். நேற்றெல்லாம் திரையில் கியூபிட்டின் நினைவைக் காட்டும் கோடு தொடங்கிய உடனே சரிந்துவிடும். இன்று சரியவில்லை. போய்க்கொண்டே இருந்து, மெல்ல, அவசரமே இல்லாமல் இறங்கியது.

அவர் எழுந்துவிட்டார். திரையை விட்டுவிட்டுப் பீப்பாயைப் பார்த்தார். அத்தனை குளிருக்குள் தன் கையால் செய்த ஒன்று பேசியிருக்கிறது. அதை இன்னொன்று கேட்டு, மறக்காமல் வைத்திருக்கிறது. இந்த உலகத்தில் இப்படியும் நடக்குமா என்று இருந்தது அவருக்கு. கண் கலங்கியது. மறைக்கவில்லை.

“அப்ப அந்தச் சூடு... தெர்மாமீட்டருக்கு நான் அனுப்பின கரண்ட்டா மேடம்?”

ஜெசிந்தா தலையசைத்தார்.

“நான் பார்க்கப் பார்க்க ஏறியிருக்கு.”

“ஒயரை மாட்டுங்க சார். கரண்ட்டை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைங்க. ஒரே ஒரு தடவை கேளுங்க.”

மாட்டினார். குறைத்தார். ஒரே ஒரு தடவை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஓர் எண் வந்தது. காலையில் அசையாமல் நின்றதைவிட மிகச் சிறியது. நிற்காமல் ஆடியது.

“ஆடுது மேடம். தெளிவாவே இல்லையே.”

“தெளிவா இருந்தது உங்க சூடு சார். குளிர் இவ்வளவுதான் பேசும்.”