ஆடி எட்டு, நூற்றிருபது இலை

“எதை விடறது, எதைப் புடிக்கறதுன்னு தெரியலீங்க சாமி,” என்றார் செங்கோடன்.

அவர் கல்யாணச் சமையல்காரர். வயது ஐம்பத்தொன்பது. எதிரே உட்கார்ந்திருந்த மடத்துச் சாமிக்கு முப்பத்தெட்டு.

அன்று பங்குனி இருபத்தெட்டு. மடத்தில் குருபூசை. மூன்று பந்தியும் முடிந்துவிட்டது. சமையல் கொட்டகையில் அவர்கள் இருவரும், கொஞ்சம் தள்ளி அண்டா தேய்த்துக்கொண்டிருந்த ராமாயியும் மட்டும் இருந்தார்கள்.

சாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் தன் நிலைமையைச் சொன்னார். மனைவி பாவாயிக்கு ஈரலில் கட்டி. மாசி மாதம் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு ஆறு மாதம் என்றார். கூடவும் ஆகலாம், குறையவும் ஆகலாம். மகள் தேன்மொழி பள்ளிக்கூட வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு இன்னும் பதினேழு நாள் லீவுதான் மிச்சம்.

“கண்ணை மூடறப்ப உங்கப்பன் பக்கத்துல இருந்தாப் போதும்.”

பாவாயி இதை மகளிடம் சொன்னாள். அவரிடம் சொல்லவில்லை. மகள் போனில் சொன்னபோது அவர் ஐந்நூறு இலைக்கு ரசப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். ஓர் இலை என்றால் ஓர் ஆள் சாப்பாடு.

“அப்ப வேலையை விட்டுடலாமே,” என்றார் சாமி.

முழுதாக விட முடியாது என்றார் செங்கோடன். பதினாறு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். அதனால் பாதியாக விடப்போகிறார். எல்லாம் யோசித்து வைத்திருந்தார். ஆவணியிலிருந்து மாதத்துக்கு இரண்டே கல்யாணம். முந்நூறு இலைக்கு மேல் எடுப்பதில்லை. இருபது மைலுக்கு அந்தப் பக்கம் போவதில்லை. மற்றதெல்லாம் மச்சினன் குப்பண்ணன் பார்த்துக்கொள்வான்.

“ஆவணியிலிருந்தா?”

“ஆமாங்க. ஆனி வரைக்கும் வெத்தலை வாங்கிட்டனுங்க.”

சமையலுக்குச் சொல்ல வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டுவார்கள். சமையல்காரர் அதை எடுத்துக்கொண்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். முப்பத்தொரு வருடத்தில் செங்கோடன் எடுத்தது ஆயிரத்து நானூற்றுப் பதினொரு தட்டு. ஒன்றையும் தவறவிட்டதில்லை.

“டாக்டர் சொன்னப்புறம் எத்தனை தட்டு எடுத்தீங்க?”

செங்கோடன் இடுப்பில் இருந்த நோட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“நாலுங்க. எல்லாம் தெரிஞ்ச சனம். மறுக்க முடியலீங்க.”

“குப்பண்ணனை அனுப்பலாமே.”

அவன் கை இன்னும் பெரிய சமையலுக்குப் பழகவில்லை என்றார் செங்கோடன். இருநூறு இலைக்குப் போட வேண்டிய உப்பை அறுநூறு இலைக்குப் போடுவான். பேர் கெட்டுப் போகும்.

அண்டாவுக்குள்ளிருந்து ராமாயியின் குரல் வந்தது.

“மாஸ்டர் ஊட்டுக்குப் போறது சம்பந்தி வந்துட்டுப் போற மாதிரிங்க சாமி. ஒரு காப்பியைக் குடிச்சுட்டுப் பையைத் தூக்கிடுவாரு.”

அவளை வேலையைப் பார்க்கச் சொன்னார் செங்கோடன். அவள் பார்த்தாள்.

பிறகு சாமியிடம், தாம் ஒன்றும் மனைவி நினைப்பு இல்லாதவர் அல்ல என்றார். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆடிக்கு முப்பத்தொரு நாள். அந்த முப்பத்தொரு நாளும் பாவாயிக்கு என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அவளிடமும் சொல்லிவிட்டார். அவள் தலையை ஆட்டினாள். அதுவரைக்கும் வேலையையும் வீட்டையும் எப்படிச் சரிபாதியாகப் பிரிப்பது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. நாலு நாள் அங்கே, மூன்று நாள் இங்கே என்று வைத்துப் பார்த்தார். முகூர்த்த நாள் அப்படி வரிசையாக வருவதில்லை.

“சாமிதான் ஒரு வழி சொல்லோணும்.”

சாமி எழுந்து பூசை அறைக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் வெற்றிலையும் பாக்கும் இருந்தன.

“எனக்கு ஒரு சமையல் ஆகணும் மாஸ்டர். நூற்றிருபது இலை. தேதி நீங்களே சொல்லுங்க.”

செங்கோடன் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தார்.

இந்தத் தொழிலில் முதலில் தேதி பேசுவார்கள். அடுத்து இலை. யார் வீடு, என்ன விசேஷம் என்பது கடைசி. தேதி இல்லாவிட்டால் மற்றதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது.

சித்திரையில் ஒன்பது முகூர்த்தம். ஒன்பதும் எழுதியிருந்தது. வைகாசியில் பதினொன்று. பத்து எழுதியிருந்தது, மிச்சம் ஒரு நாள் பயணத்துக்கு. ஆனியில் எட்டு. எட்டும் போய்விட்டது. ஆடியில் தாள் வெள்ளையாக இருந்தது.

“ஆடி எட்டு வெச்சுக்கலாமுங்களா? அந்த மாசம் அவளுக்குன்னு வெச்சதுதான். சாமி கேக்கறதுனால ஒரு நாள் போயிட்டு வந்தர்றேன்.”

“சரி.”

ஆடி எட்டு, நூற்றிருபது இலை என்று எழுதினார். இரண்டு கையாலும் வெற்றிலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எந்த ஊருங்க? யார் ஊட்டு விசேஷம்?”

“உங்க வீடு.”

செங்கோடன் சிரித்தார். “எங்க ஊட்டுல என்னங்க சாமி விசேஷம்? புள்ளை தேன்மொழிக்குத்தான் கல்யாணம் பண்ணி ஏழு வருசமாச்சே.”

“பதினாறாம் நாள் காரியம்.”

அண்டா தேய்க்கும் சத்தம் நின்றுவிட்டது.

செங்கோடன் வெற்றிலையைப் பார்த்தார். தட்டில் திருப்பி வைக்கக் கையை நீட்டினார். சாமி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எடுத்துட்டீங்க மாஸ்டர்.”

“இப்படிச் சொல்லலாமுங்களா சாமி,” என்றார் செங்கோடன். “உசுரோட இருக்கறாளுங்க.”

“இருக்காங்க. ஆடி எட்டு பதினாறாம் நாள்னா, முதல் நாள் எது?”

செங்கோடன் எண்ணக்கூடாது என்று நினைத்தார். ஆனால் விரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஆடியில் எட்டு நாள் போனது. மிச்சம் எட்டு நாள். இந்த வருடம் ஆனிக்கு முப்பத்திரண்டு. நோட்டில் ஒவ்வொரு நாள் கட்டமாகப் பின்னால் போய் ஓர் இடத்தில் விரல் நின்றது.

“ஆனி இருபத்தஞ்சுங்க.”

“அன்னைக்கு எங்கே இருக்கீங்க?”

அந்த இடத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. மாசிக்குப் பிறகு எழுதிய நாலில் அதுவும் ஒன்று.

“காங்கயமுங்க. எண்ணூறு இலை.”

“காலையில அடுப்புப் பத்த வெச்சுட்டீங்க. ஆறு மணிக்கு உங்க மக கூப்பிடுது. அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுக்குது, உடனே வாங்கன்னு சொல்லுது. என்ன சொல்லுவீங்க?”

செங்கோடன் யோசிக்கவில்லை. முப்பத்தொரு வருடமாக யார் கேட்டாலும் சொல்கிற பதில் அது. அதே குரலில் சொன்னார்.

“கடைசிப் பந்தி எந்திரிச்சப்புறம் வர்றேன்னு.”