கரிச்சானின் பிளந்த வால்

அந்தக் காலத்தில், பறவைகளுக்குப் பேச்சு இருந்தபோது, காக்கைதான் அவற்றுக்கு மணியக்காரர். அது வகுத்த முறை ஒன்றே ஒன்று: மரத்துக்கு ஓர் இனம். கலந்து குடியிருந்தால் சண்டை வரும் என்றது காக்கை. கலந்திருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லாததால் மறுத்துப் பேசவும் ஆளில்லை.

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் கரிச்சான் தனியாக இருந்தது. அப்போது அதன் வால் விசிறிபோல் நிறைந்து வட்டமாக இருக்கும். போன பங்குனியில் அது வெட்டுக்கிளி பிடிக்கப் போய்த் திரும்பியபோது கூட்டில் மூன்று முட்டைகளும் ஓடாகக் கிடந்தன. துக்கம் விசாரிக்க வந்த காக்கை, "பாம்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

இந்தப் பங்குனியில் கரிச்சான் மறுபடி முட்டையிட்டிருந்தது. ஒருநாள் மாலை, தவிட்டுப்புறா ஒன்று மூச்சிரைக்க வந்து கீழ்க்கிளையில் உட்கார்ந்தது.

"அக்கா, என் மரம் காத்துல சாஞ்சுபோச்சு. ஏழு மரம் ஏறி இறங்கிட்டேன். முறை இல்லேன்னு எல்லாரும் துரத்துறாங்க. நாளைக்குள்ள முட்டையிடணும்."

"அக்கான்னு கூப்பிடாதே. நமக்குள்ள என்ன உறவு?"

"சரி, கூப்பிடலை. இந்தக் கிளையை மட்டும் குடு. போன வருஷமே எல்லா முட்டையும் போச்சு."

"எப்படிப் போச்சு?"

"தானியம் பொறுக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தா ஓடுதான். பாம்பா இருக்கும்னு மணியக்காரர் சொன்னார்."

கரிச்சான் மரத்தை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தது. அடியிலிருந்து நுனிவரை விரல்நீள முள்.

"அந்தப் பாம்புக்கு இறக்கை இருந்திருக்கும்" என்றது. "கட்டிக்கோ. என்னோட பேச்சுக்கு வராதே. நான் கத்தினா நீயும் கத்து, அது போதும்."

மறுநாள் காலை புறா கூடு கட்டி முடித்தது. கரிச்சான் எட்டிப் பார்த்தது.

"இது கூடா? பத்துக் குச்சி. கீழேயிருந்து பார்த்தா உன் வயிறு தெரியுது."

"எங்க ஆளுங்க இப்படித்தான் கட்டுவோம்."

"நல்லா கட்டுவீங்க!"

அதில் புறா இரண்டு முட்டையிட்டது. இரை தேட ஒன்று போகும்போது மற்றது மரத்தைவிட்டு நகரவில்லை. இப்படி இருப்போம் என்று அவை பேசி முடிவெடுக்கவில்லை.

சில நாள் கழித்துக் காக்கை வந்தது. அவசரமில்லாமல் நுனிக்கிளையில் இறங்கி அலகைத் தீட்டிக்கொண்டது.

"என்னம்மா கரிச்சான், விருந்தாளியா?"

"இல்லை. குடி வந்திருக்கு."

"உறவா?"

"இல்லை."

"சிநேகிதமா?"

"பங்குனிக்கு முன்னாடி முகம்கூடத் தெரியாது."

"அப்புறம் என்ன உரிமையில இங்கே இருக்கு?"

"பக்கத்துல இருக்கு. அவ்வளவுதான்."

"அப்படி ஒரு முறை கிடையாதே."

"இனி உண்டு."

காக்கை தலையைச் சாய்த்துக் கரிச்சானின் கூட்டைப் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"நீ விவரம் தெரிஞ்சவ. அதை அனுப்பிடு. உன் கூட்டுப் பக்கம் எந்தப் பாம்பும் வராது. நான் பொறுப்பு."

"பாம்பு உங்க பேச்சைக் கேட்குமா, மணியக்காரரே?"

காக்கை நேராகக் கீழ்க்கிளைக்குப் பாய்ந்தது. பத்துக் குச்சியும் ஆடின. ஒரு முட்டை உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. புறா மற்றதன்மேல் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டு, தன் இனத்தில் யாரும் கத்தாத குரலில் கத்தியது.

கரிச்சான் காக்கையின் முதுகில் விழுந்தது. பிடரியைக் கொத்தியது. காக்கை கழுத்தைத் திருப்பி அதன் வாலைக் கவ்விக்கொண்டது.

"விடு, உன் வால் போயிடும்" என்றது கவ்விய அலகுக்குள்ளிருந்து.

"போகட்டும். உன்னை விடமாட்டேன்."

நடுவால் இறகுகள் கொத்தாகப் பிய்ந்து வந்தன. கரிச்சான் கொத்துவதை நிறுத்தவில்லை. காக்கை எழுந்து பறந்தது. ஏரிக்கு அந்தப் புறம், பனைகளுக்கும் அப்பால் அது போய்ச்சேரும்வரை, காக்கையில் பாதிகூட இல்லாத அந்தப் பறவை அதன் தலைக்குமேல் இறங்கி இறங்கிக் கொத்திக்கொண்டே போயிற்று. மற்ற மரங்களிலிருந்து எல்லாப் பறவைகளும் அதைப் பார்த்தன. அப்படிப் பார்த்த மாங்குயில் ஒன்று அன்று மாலையே, யாரையும் கேட்காமல், கருவேலமரத்தின் மறுபக்கம் நார் கொண்டுவந்தது.

கரிச்சான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது இருபுறமும் ஓரங்களில்தான் வால் இருந்தது.

புறா மெல்லக் கேட்டது: "வலிக்குதா?"

"பேச்சுக்கு வராதேன்னு சொன்னேனே" என்றது கரிச்சான். "முதல்ல இன்னும் நாலு குச்சி வை."

கரிச்சானின் நடுவால் அதற்குப் பின் வளரவே இல்லை. அந்தப் பங்குனியிலிருந்துதான் அதன் இனம் முழுக்கப் பிளந்த வாலோடு பிறக்கிறது. அது கூடுவைக்கும் மரத்தில் புறாவும் மாங்குயிலும் வந்து தங்கள் கூட்டை வைக்கின்றன. ஒன்றோடொன்று அதிகம் பேசிக்கொள்வதில்லை. அந்த வழியாக வர நேர்ந்தால் காக்கை சுற்றிக்கொண்டு போகிறது.