ஒன்றே முக்கால் மீட்டர் பிரேக்

"பிரேக் போடவா சொல்றீங்க? மேடம், நல்லாத்தான் இருக்கீங்களா?"

சூசையப்பன் கத்திவிட்டார். ஐம்பத்து நாலு வயது. இருபத்தாறு வருஷம் ராக்கெட் ஏவுகிற பிரிவில் இருந்துவிட்டு, செயற்கைக்கோள்களை மேய்க்கிற இந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

எதிரே பல்கீஸ். முப்பத்து நாலு வயது. சுற்றுப்பாதைக் கணக்கெல்லாம் அவர் கையில். நாலு மாதமாகச் சூசையப்பனுக்கு வாத்தியாரும் அவர்தான். வயதைப் பார்க்காமல் இவர் 'மேடம்' என்பார். பதவியைப் பார்க்காமல் அவர் 'சார்' என்பார்.

"பிரேக்தான் சார்," என்றார் பல்கீஸ்.

விஷயம் இதுதான். எஞ்சின் நின்றுபோன ஒரு விசைப்படகு மூன்று நாளாக நடுக்கடலில் மிதக்கிறது. ஒன்பது பேர். அதில் ஒருவர் சூசையப்பனின் தம்பி சேசடிமை.

மேகம் மூடின கடலிலும் படகைக் காட்டிக்கொடுக்கிற செயற்கைக்கோள் ஒன்று இவர்களிடம் இருந்தது. நாளைக் காலை பதினோரு மணி வாக்கில் அது அந்தப் பக்கம் போகும். ஒரு நிமிஷம் முன்கூட்டிப் போனால் அந்தக் கடல் அதன் கண்ணில் படும். இல்லாவிட்டால் அதற்குள் பூமி சுழன்று, கடல் ஓரமாக நழுவிவிடும். அடுத்த வாய்ப்பு ஐந்து நாள் கழித்து.

ஐந்து நாளைக்குப் படகில் தண்ணீர் கிடையாது.

"முந்திப் போகணும்னா வேகத்தைக் கூட்டணும். சின்னப் பிள்ளைக்குத் தெரியும்!"

"கூட்டிப் பாருங்க சார்," என்று பல்கீஸ் தன் கணினியை அவர் பக்கம் திருப்பினார். நிஜச் செயற்கைக்கோளுக்குக் கட்டளை போகாத ஒத்திகைக் கணினி அது.

சூசையப்பன் வேகத்தைக் கூட்டினார்.

நாளைக் காலை, ஒரு நிமிஷம் தாமதம் என்றது திரை.

மறுபடி, இன்னும் கூட்டினார். இரண்டு நிமிஷம் தாமதம்.

இதெல்லாம் அவர் படிக்காததில்லை. வேகம் கூட்டினால் மேலே ஏறும், மேலே ஏறினால் வட்டம் பெரிது, பெரிய வட்டத்தில் நடையும் மெதுவு. பரீட்சை எழுதித் தேறினவர்தான். ஆனால் தம்பி கடலில் கிடக்கும்போது பரீட்சைப் பேப்பர் யாருக்கு வேண்டும்?

"எனக்க தம்பியாக்கும் அங்க கிடக்குறது," என்றார். பதற்றத்தில் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "அவனைத் தேடிப் போற வண்டிக்கு நான் பிரேக் போடவா?"

"சார், ராக்கெட் பாதியில நின்னா என்ன ஆகும்?"

"விழும்."

"நம்ம செயற்கைக்கோள்?"

"அது... விழாது."

"ஆறு வருஷமா விழுந்துட்டேதான் இருக்கு சார். தரைதான் கிடைக்கல."

சூசையப்பன் மறுபடி ஒத்திகைத் திரையைப் பார்த்தார்.

"நீங்க தள்ளித்தான் அது ஓடுதுன்னு நினைக்கிறீங்க," என்றார் பல்கீஸ். "கொஞ்சம் விழ விடுங்க."

செயற்கைக்கோள் அடிவானத்தில் வந்துவிட்டது. தலைக்கு மேலே ஒன்பது நிமிஷம்தான் இருக்கும். அதற்குள் கட்டளையை அனுப்பியாக வேண்டும்.

அந்த அறையில் ஒரு வழக்கம். எந்தக் கட்டளையானாலும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இன்னொருவர் 'சம்மதம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. அன்று சம்மதம் சொல்ல வேண்டிய முறை சூசையப்பனுடையது.

பல்கீஸ் படித்தார். "எதிர்த்திசையில் உந்து. விநாடிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் வேகம் குறை."

மனுஷன் விறுவிறுவென்று நடக்கிற வேகம், அவ்வளவுதான்.

ஏழு நிமிஷம் பாக்கி.

"மேடம், தப்பாப் போச்சுன்னா அவன் பொண்டாட்டி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"தெரியல சார்."

"வேற யாரையாவது சம்மதம் சொல்லச் சொல்லுங்களேன்."

"இன்னிக்கு உங்க முறை."

நாலு நிமிஷம். மூன்று.

சூசையப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "சம்மதம்."

கட்டளை போய்விட்டது. செயற்கைக்கோளும் அடிவானத்தில் இறங்கி மறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. உட்கார்ந்தார், எழுந்தார், பாத்ரூமுக்குப் போனார், போன சூட்டோடு திரும்பி வந்தார். தம்பியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டதாக நினைத்தார். பல்கீஸ் பாட்டுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். அதைப் பார்க்க இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து, பூமியின் மறுபக்கத்துத் தரைநிலையத்திலிருந்து எண்கள் வந்தன.

சூசையப்பன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

உயரம்: ஆறு கிலோமீட்டர் குறைவு. வேகம்: முன்பு இருந்ததைவிட விநாடிக்கு ஐந்து மீட்டர் அதிகம்.

"நாம குறைக்கத்தானே செஞ்சோம்?"

"ஆமா சார்."

"பின்ன யாரு கூட்டினது?"

பல்கீஸ் விரலால் கீழே பூமியைக் காட்டிவிட்டு டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

சுற்றுக்கு நாலு விநாடி மிச்சம். பதினைந்து சுற்று. மறுநாள் காலை செயற்கைக்கோள் சரியாக ஒரு நிமிஷம் முந்தி வந்தது. படத்தில் கறுத்த கடல், நடுவே அரிசி மணியளவு ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்த கப்பல் அங்கே போனது. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கப்பலிலிருந்தே போன் வந்தது. ஒன்பது பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சேசடிமை இரண்டு வார்த்தை பேசினான், தொண்டை வறண்டு மூன்றாவது வரவில்லை.

சூசையப்பன் மேஜையில் தலையைக் கவிழ்த்து, யார் பார்த்தால் என்ன என்று வாய்விட்டு அழுதார். பல்கீஸின் கண்ணும் கலங்கியிருந்தது.

திரையில் செயற்கைக்கோள் இன்னும் முந்திக்கொண்டே இருந்தது. படகு கிடைத்த சேதி அதற்கு எப்படித் தெரியும்?

சூசையப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

"பாவம், ஓடினது போதும் மேடம். நிறுத்திடலாம்."

"எப்படி சார்?"

அவர் யோசிக்கக்கூட இல்லை.

"வேகத்தைக் கூட்டுங்க."