ராசா கையில விழுந்த வண்ணான் குறி

அரசாங்க முத்திரை போட்டிருந்தா பொய்யா இருக்காதுன்னா சொல்ற? காசு கட்டுனா வீட்டுக்கே வந்து ரகசியமா போடுறோம்னு போன்ல வந்த தடுப்பூசி சேதிய நம்பிக்கிட்டு நிக்கிறியேடி சரசு. முன்ன செங்கழனி நாட்ட மகுடவர்மன்னு ஒரு ராசா ஆண்டான். காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவனே தன் முத்திரைய நம்பி ஏமாந்தவன்தான்.

ஊரெல்லாம் பெரியம்மை. சத்திரத்துல வைத்தியரு காசில்லாம அம்மை குத்துறாரு. அம்மைப்பாலு, அதான் கொப்புளத்து நீர, ஊசியில தொட்டுக் கையில குத்துனா நோய் அண்டாது. வரிசையோ தெருக்கோடி தாண்டி நிக்குது. அப்பத்தான் சபையில பெரிய மனுசன், ராசா முத்திரைய வெச்சிருக்குற திருமேனிநாதரு வீட்டுக்கு வீடு ஆள் அனுப்புனாரு. "ராசா தனியா அனுப்புன மருந்து. மூணு பேருக்குத்தான் மிச்சம். வெளிய சொல்லாதீங்க"ன்னு முத்திரையக் காட்டிக் குத்திட்டு, காதுல கெடந்ததக் கழட்டி வாங்கிட்டாங்க. வரிசையில நிக்கக் கூச்சப்பட்ட ராசாவும், குப்பி மேல தன் முத்திரையே இருக்கவும் வைத்தியரு தனியா அனுப்புனதுன்னு நம்பி அதையே குத்திக்கிட்டான்.

துணி வெளுக்குற குருவம்மா மக செவத்தியும் குத்திக்கிட்டா. அம்மை கண்ட நாத்தனாரப் பாத்துக்கக் கெளம்புனவ கையில கறுப்பா ஒரு கொப்புளம். ஆத்தாக்காரி கண்டுட்டா.

"வாசப்படி தாண்டுன, கால ஒடிச்சிருவேன். எனக்குச் சின்னதுலயே அம்மை வந்து போயிருச்சு, நான் போய்ப் பாத்துக்கிறேன்"னு மகள உக்கார வெச்சுட்டு, வெளுத்த துணி மூட்டையோட மொதல்ல சபைக்குப் போனா.

"ராசா, இது மருந்தில்ல. சேராங்கொட்டைப் பாலு. துணிக்கு நாங்க குறி போடுறது."

சேராங்கொட்டைன்னா லேசு இல்லடி. எங்க சின்னாத்தா அத ஒடச்ச கையோட மொகத்தத் தொடச்சு, மொகம் பூசணிக்காயா வீங்கி, கட்டுன புருசனே யாரும்மா நீன்னு கேட்டாரு. அது கெடக்கட்டும்.

திருமேனிநாதரு சிரிச்சாரு. "வெளுக்குறவளுக்கு வைத்தியம் என்ன தெரியும்?"

"வெளுக்கத் தெரியும் சாமி. அந்தக் குப்பியக் குடுங்க."

"குடுய்யா"ன்னான் ராசா.

திருமேனிநாதரு பட்டு அங்கவஸ்திரத்துலயே குருவம்மா ஒரு சொட்டு விட்டா. காயவெச்சு, உவர்மண்ணுல ஊறவெச்சு, கல்லுல அடிச்சா. "அம்மைப்பாலுன்னா ஒரு அலசுல போயிரும். இது நூலு கிழிஞ்சாலும் போவாது." போவல. மூட்டைய அவுத்து ராசா வேட்டி முனையக் காட்டுனா. அதே கறுப்பு.

"வேட்டியிலயும் குறி, ராசா கையிலயும் குறி. வெள்ளாவியில எதப் போடுறதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ராசா மொகம் செவந்துச்சு. அப்புறம் வயிறு குலுங்கச் சிரிச்சான். தோடெல்லாம் திரும்பி வந்துச்சு. அம்மை ஒட்டாம இருக்கத் திருமேனிநாதருக்கு அசல் மருந்தக் குத்திவிட்டு, சத்திரத்து நோயாளிங்க அழுக்குத்துணி மொத்தத்தையும் அலச விட்டான். குருவம்மாவுக்குச் சபையில ஆசனம். "மருந்து சத்திரத்துல, எல்லாரும் பாக்க, இனாமா. ரகசியமா வாசலுக்கு வந்தா அது நம்ம மருந்தில்ல"ன்னு தண்டோரா போட்டாங்க.

மறுநா வரிசையில செவத்திக்குப் பின்னாடி வந்து நின்னது யாருங்கிற? ராசாதான். "முந்திப் போங்க சாமி"ன்னு அவ ஒதுங்குனா.

"வேணாந் தாயி. முந்திப் போயிப் பட்டது போதும்."

ஏ சரசு, தூறல் போடுது பாரு, மாடியில காயுற மொளகாய அள்ளி உள்ள கொண்டா.